அருமைக்காரர் சுருக்குப்பையில் அமெரிக்க மாத்திரை

இப்போதெல்லாம் முழங்கால் மாத்திரை வாங்க டாக்டரும் வேண்டாம், என்னைப் போன்ற மருந்துக் கம்பெனி ரெப்பும் வேண்டாம். செல்போனில் தட்டினால் டப்பா வாசலுக்கே வந்துவிடுகிறது. பீளமேட்டில் எங்கள் தெருவிலிருந்து காலையில் நடக்கப் போகும் கூட்டத்தில் பாதிப்பேர் காண்ட்ராய்டின் சாப்பிடுகிறவர்கள். போன வாரம் ஒருவர் இன்னொருவரிடம், "எம்படது தீந்துபோச்சுங்க, உங்க டப்பாவுல ரெண்டு குடுங்க" என்று மூக்குப்பொடி கேட்பதுபோல் கேட்டார். அவரும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, "ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ரிட்டயர் ஆகியும் அருள்ராஜுக்கு கேன்வாஸ் பண்ணுகிற புத்தி போகவில்லை என்றார்கள்.

கேன்வாஸ் பண்ணுவதாவது! நான் செய்தது அதற்கு நேர் எதிர் வேலை. அந்த எதிர் வேலையை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை முழுசாகச் செய்திருக்கிறேன், அதுவும் ஒரு கல்யாணப் பந்தலில், என் மேனேஜரின் சொந்த மகள் கல்யாணத்தில். நடக்க வரும் நண்பர்களுக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் பூங்காவே இரண்டு சுற்று முடிந்துவிட்டது. எழுதிவிடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன், ஆட்களின் பேரையும் ஊரையும் மட்டும் மாற்றி.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தாத்தா அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர். நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டை கட்டிக்கொண்டு மருந்துக் கம்பெனி ரெப்பாகக் கிளம்பியபோது எங்கள் சர்ச்சில் பாதிரியார் தனியாக ஒரு ஜெபம் சொன்னார். பம்பாயில் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றதில் டை கட்டுவது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. உண்மையான படிப்பு கோயமுத்தூரில் ஒரு பேக்கரியில் நடந்தது. வாத்தியார், எங்கள் ஏரியா மேனேஜர் சாமியப்பன் சார்.

சாமியப்பன் சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும். சாதாரண நாளில் "அருள், வாப்பா" என்பார். சின்னத் தப்பு செய்தால் "வாங்க" ஆகும். "ஏனுங்க அருள், கொஞ்சம் இப்படி உக்காருங்களேனுங்க" என்றால் தொலைந்தோம். அந்த 'ங்க' எத்தனை விழுகிறது என்று எண்ணிக்கொண்டே உட்காருவோம். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பேக்கரியில் அவர் டாக்டராக உட்கார்வார். எதிரில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன். நான் பையோடு உள்ளே வந்து வணக்கம் சொல்லி மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். பன்னைப் பிய்ப்பார், காதைக் குடைவார், கொட்டாவி விடுவார். நிஜ டாக்டர்களும் அப்படித்தானே. டீ ஆறுவதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாக வேண்டும். முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்: "யாருக்குக் குடுக்கக் கூடாது?"

மற்ற கம்பெனி ரெப்புகள் மருந்தின் பெருமையைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுவார்கள். நாங்கள் கடைசி வாக்கியமாக, இன்னாருக்கு இது ஆகாது என்று சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. அது சாமியப்பன் சார் சட்டம். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. கடையைத் திறந்து வைத்துவிட்டு, வாங்காதே என்று போர்டு வைத்த மாதிரி இருக்கிறதே என்று அவரிடமே கேட்டேன். ஆகாதவங்களுக்குப் போகாம இருந்தாத்தான் ஆகறவங்க நம்பி வாங்குவாங்க என்று சொல்லிவிட்டு மீதிப் பன்னை என் பக்கம் நகர்த்தினார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கம்பெனி குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் சேர்ந்த கேப்சூலைக் கொண்டு வந்தது. அடேயப்பா, என்ன ஆர்ப்பாட்டம்! மூட்டெலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பில் இயற்கையாகவே உள்ள பொருள் காண்ட்ராய்டின். அதையே மாத்திரையாகச் சாப்பிட்டால் தேய்ந்த மூட்டுக்கு நல்லது என்பதுதான் பேச்சு. அமெரிக்காவில் கடை கடையாக அடுக்கி வைத்து விற்கிறார்களாம். எங்கள் ஊருக்கோ அது மழை மாதிரி. மில்லில் நின்றே தேய்ந்த முழங்கால், தறிக்குழியில் கால் மிதித்தே தேய்ந்த முழங்கால், காட்டு வேலையில் குனிந்து நிமிர்ந்து தேய்ந்த முழங்கால் என்று எங்கே பார்த்தாலும் முழங்கால். நான் வண்டியில் போகும்போது ரோட்டில் நடப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தக் கேப்சூலுக்கு சாமியப்பன் சார் பேக்கரியில் கொடுத்த பாடம் மற்ற மருந்துகளைவிட நீளம். இது வலி மாத்திரை இல்லை, போட்டவுடன் கேட்காது, வாரக்கணக்கில் ஆகும், சிலருக்குக் கேட்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது, அதை மறைக்காமல் சொல். மாட்டின் குருத்தெலும்பிலிருந்தோ சுறா மீனிலிருந்தோ எடுப்பது, சைவக்காரர்களிடம் முதலிலேயே சொல். குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது, அது ஒத்துக்கொள்ளாதவர்களை விசாரிக்கச் சொல். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் டாக்டர் யோசிக்கட்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு டீயைக் கீழே வைத்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இது போகவே கூடாது என்றார். காண்ட்ராய்டினின் அமைப்பு ரத்தத்தை இளக்கும் ஒரு மருந்தின் அமைப்புக்குக் கொஞ்சம் சொந்தக்காரன், இரண்டும் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகலாம், நிரூபணம் ஆகும்வரை நாம் காத்திருக்க வேண்டாம் என்பது அவர் வாதம்.

சைவ விஷயத்தைச் சொன்னதற்கே சென்னிமலையில் ஒரு கூத்து நடந்தது. அங்கே ஒரு டாக்டர், பெட்ஷீட் நெய்கிற நெசவாளி ஒருவருக்கு எங்கள் கேப்சூலை எழுதியிருந்தார். நான் போன சமயம் தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. நெசவாளி கழுத்தில் மாலையோடு, காவடி எடுக்க விரதத்தில் இருந்தார். கேப்சூல் எதிலிருந்து வருகிறது என்று நான் வாயைத் திறந்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். முருகனுக்கு முன்னாடி எப்படி நிற்பேன் என்று அழவே ஆரம்பித்துவிட்டார். டாக்டர் சமாதானம் சொல்லி, விரதம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தார். வித்த மருந்தைத் திருப்பி வாங்கிப்போட்டுப் போகிற ரெப்பை இப்போதுதான் பார்க்கிறேன் என்று என்னைக் கிண்டல் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த டாக்டர் என்னை வெளியே காக்க வைத்ததே இல்லை.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

சாமியப்பன் சார் சொந்த ஊர் காரமடைப் பக்கம். பெரிய தோட்டம், பெரிய குடும்பம். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். ரெப்புகள் நாங்கள் எல்லோரும் முதல் நாள் காலையிலேயே போய்விட்டோம். எனக்குத் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் தாத்தா காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பந்தலுக்கு வெளியில்தான் எங்கள் ஆட்களுக்கு இடம். சாமியப்பன் சார் என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஆனாலும் அங்கே நான் கொஞ்சம் அடக்கித்தான் வாசித்தேன்.

அந்தக் குடும்பங்களில் கல்யாணம் என்றால் அருமைக்காரர் இல்லாமல் ஒரு துரும்பு அசையாது. புரோகிதர் மாதிரி ஆனால் புரோகிதர் இல்லை. சொந்த பந்தத்திலேயே, பிள்ளை குட்டியோடு நல்லபடியாக வாழ்கிற ஒருவர், அதற்கென்று முறைப்படி சடங்கு செய்துகொண்டு அந்தப் பொறுப்பை ஏற்பார். முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து தாலி கட்டுவது வரை, மணமக்களை ஆசீர்வதித்து ஒவ்வொரு சீரையும் அவர்தான் நடத்தித் தருவார். உட்கார்ந்து எழுந்து, குனிந்து நிமிர்ந்து, ஒரு கல்யாணத்துக்கு அவர் போடுகிற தோப்புக்கரணத்துக்குக் கணக்கே கிடையாது. சாமியப்பன் சார் வீட்டு அருமைக்காரர் பெயர் நாச்சிமுத்து. அறுபதைத் தாண்டியவர். கலகலப்பான மனிதர். நான் மோர் கொண்டு போய்க் கொடுத்தபோது பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பொண்டாட்டி பேரையும் கேட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆசீர்வாதம் பண்ணினார்.

மத்தியானம் முகூர்த்தக்கால் நடுவதற்காக மூன்று கிளை விட்ட கொம்பு ஒன்றை வெட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். அருமைக்காரர் மேல் சட்டையில்லாமல், தலையில் உருமால் கட்டிக்கொண்டு, கொம்பின் அடியைக் கொடுவாளால் சீவினார். கொடுவாள் வழுக்கி இடது உள்ளங்கையில் பட்டது. சின்ன வெட்டுதான். யாரோ மஞ்சள் தூளை வைத்து அழுத்தித் துணி கட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே கொம்பை நட்டு, பூஜை முடித்து, நிழலில் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்ச் சொம்போடு போனேன். துணி முழுக்க நனைந்து முழங்கை வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

வேறு துணி மாற்றினார் அவர் மனைவி பாவாத்தாள் அம்மா. அதுவும் நனைந்தது. அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். நெஞ்சுக்கு நடுவில் மேலிருந்து கீழாக நீளமான தழும்பு. முன்கையில் அங்கங்கே கருநீலத் திட்டு. தழும்பு என்னங்க என்று கேட்டேன். இருதயத்தில் வால்வு மாற்றி வருஷக்கணக்காகிறது என்றும், ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை, மாதாமாதம் கோயமுத்தூரில் ரத்தப் பரிசோதனை என்றும் அம்மா சொன்னார். போன மாதம் வரை எல்லாம் சரியாக இருந்ததாம். இந்த மாதம் முகூர்த்தம் நெருக்கிப் பிடித்ததால் பரிசோதனைக்குப் போகவில்லையாம். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்று நாலு நாளாகச் சொல்கிறார் என்றும் சொன்னார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மனிதர் வலது கையால் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலை எடுத்தார், பாக்கு எடுத்தார். அடியில் கையை விட்டு இரண்டு கேப்சூல் எடுத்தார். பெரிய கேப்சூல். வாயில் போட்டு என் சொம்பு நீரிலேயே விழுங்கினார். இனிமேல் விடிய விடியக் குந்தி எந்திரிக்கோணும், இது இருந்தாத்தான் முட்டி சொன்ன பேச்சு கேக்குது என்று எனக்கு விளக்கம் வேறு.

எனக்குப் பகீர் என்றது. மாதக்கணக்காக நான் ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டுகிற சரக்கு, எனக்கு அடையாளம் தெரியாதா? அம்மா பையிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கம்பெனி டப்பா, அதில் நான் நினைத்த அதே இரண்டு பெயர்கள், குளுக்கோசமைன், காண்ட்ராய்டின். கல்யாணம் இருக்கிற நாளில் இரட்டிப்பாகச் சாப்பிடுவாராம். சடங்குக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போட்டால் உடனே பிடிக்கும் என்று அவராகவே ஒரு கணக்கு.

ஐயா, இதை டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வேறு மருந்து சாப்பிடறீங்களா என்று கேட்பார், இந்த டப்பா வந்த பிறகு இன்னும் போகவில்லை, போனாலும் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

"ஏனுங்கய்யா சொல்ல வேண்டியதில்லை?"

"இது மருந்தில்லீங்களே. வெத்தலை பாக்கோட தட்டத்துல வெச்சுக் குடுத்தது. சீருங்க."

இதுதான் விஷயம். கல்யாண வீட்டில் தட்டில் வைத்துக் கொடுப்பதை அருமைக்காரர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வேட்டி வைத்தாலும் வாங்கிக்கொள்வார், ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாலும் வாங்கிக்கொள்வார். வாங்கியதை மரியாதையாகப் பயன்படுத்தவும் வேண்டும். மருந்துக் கடையில் வாங்கியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார். தட்டில் வந்ததால் கேள்வியே எழவில்லை. ஒரு மாதத்துக்கு முன் இதே பெண்ணின் நிச்சயதார்த்தத்தில் கிடைத்தது என்றார். யார் கொடுத்தது என்று கேட்டேன். பாவாத்தாள் அம்மாவின் கண் தானாக மேடைப் பக்கம் போனது. அங்கே சாமியப்பன் சாரின் மகன் செந்தில், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், தங்கை நிச்சயதார்த்தத்துக்கே லீவில் வந்து கல்யாணம் வரை தங்கியிருப்பவன், வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். போன வருஷம் அவனுக்கும் இவர்தான் கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறார்.

யாருக்குக் குடுக்கக் கூடாது என்று எங்களைப் பிழிந்தெடுத்த மனிதரின் சொந்த மகன்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பங்காளி, அந்த ஹார்ட்டு மாத்திரையாலதான் ரத்தம் நிக்கல, கல்யாணம் முடியற வரைக்கும் அதை நிறுத்திப் போட்டாச் சரியாப் போகும் என்றார். நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், ஆளே போய்விடுவார். இந்தப் பக்கம் போனால் ரத்தம் நிற்காது, அந்தப் பக்கம் போனால் ரத்தம் கட்டிக்கொள்ளும். "அதை மட்டும் நிறுத்தக் கூடாதுங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்ச் சொம்பு இன்னும் என் கையில் இருந்தது.

சாமியப்பன் சார் வந்தார். "ஏனுங்க அருள், என்னாச்சுங்க?" என்றார். எத்தனை 'ங்க' என்று எண்ணிப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. துணியை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்திக்கொண்டே, பேக்கரியில் ஒப்பித்த மாதிரி மூச்சு விடாமல் சொன்னேன். வால்வு, ரத்தம் உறையாத மாத்திரை, அதோடு இந்தக் கேப்சூல், பல்லில் ரத்தம், கையில் திட்டு, இப்போது இந்த வெட்டு. உடனே கோயமுத்தூர் போய்ப் பரிசோதிக்க வேண்டும், டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும், நாமாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ கூடாது. கடைசியில் டப்பாவை நீட்டினேன். அவர் டப்பாவைப் பார்த்தார். மகன் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் கொண்டு வந்ததை அவரும் பார்த்திருப்பார் போல. அந்த முகம் வெளுத்ததை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

ஆனால் அருமைக்காரர் அசையவில்லை. முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது, தாலி கட்டுகிற வரைக்கும் பந்தலை விட்டு நகர்வதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட நியமம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லையாம். நடுவில் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது என்று ஊர் பேசும் என்றார். சாமியப்பன் சார் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பாவாத்தாள் அம்மா அழுதார். மனிதர் சிரித்துக்கொண்டே, இத்தனை பேர் இருக்கீங்க, ஒரு கையில ரத்தம் வந்தா என்ன என்றார். துணி மறுபடியும் நனைந்துகொண்டிருந்தது.

நான் விற்பவன். ஒருவர் எதற்கு மசிவார் என்று பார்ப்பதுதான் என் தொழில். இந்த மனிதர் தன் உயிருக்கு மசிய மாட்டார் என்று தெரிந்துவிட்டது. வேறு எதற்கு மசிவார் என்று என் மண்டை பரபரவென்று ஓடியது. மேடையில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த செந்தில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். வழியைப் பிடித்துவிட்டேன். அருமைக்காரரின் காதருகே குனிந்தேன்.

"ஐயா, உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஊரு பேசறது பத்து நாளைக்குத்தானுங்க. ஆனா அந்தத் தம்பிக்கு நீங்க தாலி எடுத்துக் குடுத்தீங்க. தட்டத்துல வெச்சுக் குடுத்த கையாலயே உங்களைக் கொன்னுபோட்டேன்னு காலத்துக்கும் நெனைச்சுட்டுத் திரியட்டுங்களா?"

அவர் சிரிப்பு நின்றது. செந்திலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"வாரனுங்க. ஆனா எதனாலன்னு அந்தப் பையனுக்குத் தெரியக் கூடாது. எப்பவுமே தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நான் என் வேதாகமத்தின் பேரில் சத்தியம் செய்தேன். சாமியப்பன் சார் அவர் கையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். இடையில் வரும் சின்னச் சீர்களை மற்ற பெரியவர்களை வைத்துத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பாவாத்தாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொடுவாள் பட்டுவிட்டது, தையல் போட்டுக் கூட்டி வருகிறோம் என்று மகனிடம் சொல்லிவிட்டு சாமியப்பன் சார் காரைக் கொண்டு வரச் சொன்னார்.

அந்தப் பயணம்! மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க உருளைக்கிழங்கு லாரி. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. நான் பின் சீட்டில் அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அழுத்திக்கொண்டே வந்தேன். என் வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது. அவரோ, உங்க ஏசு சாமி சிலுவை சுமந்ததும் மலை மேலதானுங்க, எங்க முருகன் இருக்கறதும் மலை மேலதான், ரெண்டு பேரும் சேர்ந்து லாரியை ஓரம் கட்டச் சொல்லுங்க என்று கேலி பேசிக்கொண்டு வந்தார். உள்ளுக்குள் நான் உண்மையிலேயே அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவே இருந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அங்கே அப்போது அதற்கு மிஷின் இல்லை. லேபில் ஒருவர் கண்ணாடிக் குழாயை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ரத்தநீர் எப்போது உறைகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்பார். கதவு இடுக்கில் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சாய்க்கிறார், சாய்க்கிறார், தண்ணீர் மாதிரியே ஓடுகிறது. பக்கத்தில் ஒப்பிட வைத்திருந்த குழாய் எப்போதோ கட்டியாகிவிட்டது. அவர் கழுத்தை நீட்டி இன்னொரு தடவை குழாயைப் பார்த்தார்.

டாக்டரம்மா தையல் போட்டுவிட்டு, வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்றார். அருமைக்காரர் பழக்க தோஷத்தில் இல்லீங்க என்றார். அவர் என்னைப் பார்த்தார், தன் கட்டைப் பார்த்தார், பிறகு தானாகவே சுருக்குப்பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தார். பாக்கோடு நாலு கேப்சூல் உருண்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "இனிமேல் மருந்து என்னன்னு கேக்க மாட்டேன். வாயில போடறது என்னென்னன்னு கேப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

ரத்தம் இருக்க வேண்டியதைவிட ரொம்ப இளகியிருந்தது. கேப்சூல் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றும் இல்லை, ஆனால் புதிதாக வந்தது இது ஒன்றுதான், அதனால் இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார் டாக்டரம்மா. அன்றிரவு இருதய மாத்திரை வேண்டாம், மறுநாளிலிருந்து இத்தனை என்று அவரே அளவு சொன்னார். அடுத்த பரிசோதனை வரை அதில் நீங்களாகக் கை வைக்கக் கூடாது என்று எச்சரித்தார். ரத்தம் நின்றுவிட்டதா என்று பக்கத்திலேயே உட்கார வைத்துப் பார்த்தார். நின்றது! கட்டு வெள்ளையாகவே இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் சாமியப்பன் சாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். இனிமேல் குந்தக் கூடாது, நாற்காலியில்தான் உட்கார வேண்டும், கொடுவாளைத் தொடக் கூடாது, மறுபடி ரத்தம் வந்தால் அந்த நிமிஷமே திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டரம்மா அனுப்பி வைத்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பந்தலுக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். செந்திலே ஓடிப்போய் நாற்காலி கொண்டு வந்து போட்டான். "மாமா, நான் குடுத்த மாத்திரையைச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். நான் தவிலைப் பார்த்தேன். சாமியப்பன் சார் வானத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஆச்சுங்க கண்ணு. அதனாலதான் நிக்கறேன்" என்றார் அருமைக்காரர்.

தாலி கட்டி முடிந்ததும் சாமியப்பன் சார் என்னிடம் வந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். நல்ல சட்டை ஒன்று வாங்கிக்கப்பா என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். பிறகு நான் செந்திலிடம், பொதுவாகச் சொல்வதுபோல் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன்: இந்த மாதிரி டப்பாவை யாருக்குக் கொடுத்தாலும், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்று. எங்கப்பா மாதிரியே பேசறீங்க என்று சிரித்தான். மாமாவுக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம், அவருக்குத்தான் நல்லாப் பிடிச்சிருக்கே என்றான்.

அதனால் வருஷா வருஷம் டப்பா வந்தது. அவன் வரும்போதெல்லாம் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பான். அருமைக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அதை அப்படியே டாக்டரம்மா மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இன்னும் எத்தனையோ கல்யாணம் நடத்தினார். எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளுக்கு முதல் சோறு ஊட்டிவிட்டுப் போனார்.

எண்பதை நெருங்கும்போது ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். காரமடைக்குப் போனேன். செந்தில் அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"கடைசி நாள் வரைக்கும் நடந்தாருங்கண்ணா. எல்லாம் நான் குடுத்த மாத்திரை."

ஆயுள் முழுக்க வாயை வைத்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கு, "ஆமாங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன்.